பதினோரு மணி நேரக் கதவு: சிறுநகரத் தச்சுப் பட்டறைக்கு சிஎன்சி ரவுட்டர் கட்டுமா?

ஒரு தேக்குக் கதவில் 600 மி.மீ. அகலம், 1800 மி.மீ. உயரத்துக்குப் புடைப்புச் செதுக்கு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கணினிக் கட்டளையில் இயங்கும் சிஎன்சி ரவுட்டர் அதைக் கோடு கோடாகத்தான் செதுக்கும். முடிப்பு வெட்டில் கோட்டுக்கும் கோட்டுக்கும் இடைவெளி 0.4 மி.மீ. என்றால், அந்த அகலத்தைக் கடக்க 1500 கோடுகள் வேண்டும். ஒவ்வொரு கோடும் 1.8 மீட்டர், ஆக மொத்தம் 2,700 மீட்டர். நிமிடத்துக்கு 4 மீட்டர் வேகத்தில் பிட் என்ற வெட்டுமுனை நகர்ந்தால் 675 நிமிடம், அதாவது பதினொன்றேகால் மணி நேரம். அதற்கு முன்னால் மரத்தைக் கழித்துத் தள்ளும் முதல் வெட்டுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆகும். இடைவெளியை 0.8 ஆக்கினால் முடிப்பு நேரம் பாதியாகிவிடும். ஆனால் நுனி மெல்லிய பிட்டில் வரி வரியாகத் தடம் விழும். மெஷின் மிச்சப்படுத்திய நேரம் உப்புத்தாள் தேய்ப்பவர் தலையில் விழும்.

மெஷின் விற்பவர்களின் காணொளியில் இதே கதவு முப்பது விநாடியில் முடிந்துவிடுகிறது. ரவுட்டர் வாங்கலாமா என்ற எண்ணம் பெரும்பாலும் அந்த முப்பது விநாடியில்தான் பிறக்கிறது. பிறகு விலை என்ன, எத்தனை கிலோவாட், சீனச் சரக்கா கோயம்புத்தூர்ச் சரக்கா என்று பேச்சு நீள்கிறது. இக்கட்டுரை வேறு முனையிலிருந்து தொடங்குகிறது: மாதத்தில் எத்தனை மணி நேரம் அது ஓடும், எந்த வேலைக்காக ஓடும்? இதற்கு விடை தெரிந்தவர் விலைப்பட்டியலை அப்புறம் புரட்டிக்கொள்ளலாம்.

எந்த ஊர் என்று சொல்லாமல் இந்தக் கணக்கைப் போட முடியாது. கர்நாடகத்தின் குண்டலுபேட்டையை எடுத்துக்கொள்வோம். மைசூரிலிருந்து தெற்கே சுமார் 60 கிலோமீட்டர். ஊட்டிக்கும் வயநாட்டுக்கும் போகும் சாலைகள் இங்கேதான் பிரிகின்றன. 1997இல் சாமராஜநகர் தனி மாவட்டம் ஆகும்வரை மைசூர் மாவட்டத்துத் தாலுகா; வேலை, கொள்முதல், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் மக்கள் இன்றும் மைசூரைத்தான் பார்க்கிறார்கள். ஊரில் ரயில் கிடையாது. தெற்கே பந்திப்பூர்க் காடு; அதன் வழியாகப் போகும் நெடுஞ்சாலைகளில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை 2009இலிருந்து நடப்பில் இருக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து வரும் சரக்கு ஒன்று நீலகிரி ஏறி இறங்க வேண்டும், இல்லையென்றால் சத்தியமங்கலம் தாண்டி திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். திம்பத்திலும் 2022இலிருந்து கனரக வண்டிகளுக்கு இரவுத் தடை உண்டு.

காட்டுக்கும் மெஷினுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் பேரிங் போனால் ஆள் எங்கிருந்து வருவார், எப்போது வந்து சேருவார் என்பதுதான் தொடர்பு. கோயம்புத்தூர் தயாரிப்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், குண்டலுபேட்டைக்காரருக்கு மைசூரிலோ பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையிலோ சர்வீஸ் ஆள் வைத்திருப்பவர்தான் அக்கம்பக்கத்துக்காரர். விலையில் இருபது முப்பதாயிரம் வித்தியாசம் இருந்தால்கூட, மெஷின் ஒரு வாரம் படுத்துக்கிடந்தால் அது கரைந்துபோகும்.

இந்த மெஷினின் பூர்வீகம் மரவேலையில் இல்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர் இறக்கைகளின் வளைவைத் துல்லியமாகக் கணக்கிட வழி தேடினார். அமெரிக்க விமானப்படைப் பணத்தில் எம்ஐடியின் ஆய்வகம் அந்த எண்ணத்தை வளர்த்து, எண்களால் இயங்கும் மில்லிங் மெஷினை 1952இல் ஓட்டிக் காட்டியது. அடுத்த ஆண்டே, 1953இல், பெங்களூரில் இயந்திரக் கருவிகள் செய்யும் எச்எம்டி தொடங்கியது. அந்தத் தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்த பட்டறைகளும் ஆட்களும்தான் இந்தப் பகுதியின் இயந்திரத் தொழிலுக்கு வேர். மரப்பட்டறைக்குக் கட்டுப்படியாகும் ரவுட்டர் வெகுகாலம் கழித்துத்தான் வந்தது. டியூக் பல்கலைக்கழகத்தின் நரம்பியல் பேராசிரியர் டெட் ஹால், பிளைவுட்டில் படகு செய்யும் ஆசையில், அதன் பாகங்களை வெட்டத் தானே ஒரு மெஷினைக் கட்டி, 1990களின் நடுவில் ஷாப்பாட் என்ற பெயரில் விற்கத் தொடங்கினார். 2009இல் நார்வேக்காரர் ஒருவர் எழுதிய கெர்பில் என்ற இலவச மென்பொருள், சின்ன ஆர்டுயினோ பலகை ஒன்றிலேயே இந்த வேலையை நடத்திக் காட்டியது. இன்று இருபதாயிரம் ரூபாய் சுமாருக்குக் கிடைக்கும் மேசை மேல் மெஷின்கள் பலவும் அதில்தான் ஓடுகின்றன.

வியாபாரத்தில் மெஷின்களின் பெயர் அவற்றின் மேசை அளவுதான். 3018 என்றால் 300க்கு 180 மி.மீ. 6090 என்றால் 600க்கு 900. 1325 என்றால் 1300க்கு 2500. நான்குக்கு எட்டு அடி பிளைவுட் தாள், அதாவது 1220க்கு 2440 மி.மீ., அப்படியே படுக்கும் அளவு. 3018இல் பெயர்ப் பலகை செய்யலாம், படிக்கலாம், பழகலாம், சம்பாதிக்க முடியாது. 6090 நல்ல நடுவழி போலத் தோன்றும். ஆனால் கதவும் கொள்ளாது, பிளைவுட் தாளும் கொள்ளாது என்பதால் அதை வாங்கிய பட்டறை ஓரிரு ஆண்டில் விற்கப் பார்க்கிறது. சம்பாத்தியத்துக்கென்றால் 1325. இந்தியாவில் அதன் விலை, ஸ்பிண்டிலையும் மோட்டாரையும் பொறுத்து, நான்கு லட்சத்திலிருந்து எட்டு லட்சம் வரை பரவிக் கிடக்கிறது. அதன் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி. பதிவு பெற்ற பட்டறை அதை உள்ளீட்டு வரியாகத் திரும்பப் பெறலாம். பதிவு இல்லாதவருக்கு அது முழுச்செலவு.

விலைப்பட்டியலில் எல்லோரும் முதலில் பார்ப்பது ஸ்பிண்டிலின் கிலோவாட். 3 கிலோவாட்டா 6 கிலோவாட்டா என்று அதிலேயே பேச்சு முடிந்துவிடும். அந்தச் சக்தி 24,000 சுற்றில்தான் முழுசாகக் கிடைக்கும் என்பதை யாரும் சொல்வதில்லை. 8,000 சுற்றுக்கு இறக்கினால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். பெரிய பிட் போட்டு மெதுவாகச் சுற்றவிட்டு ஈட்டி மரத்தை அரைக்கலாம் என்று நினைப்பவர் இங்கேதான் தடுக்கி விழுகிறார். அதைவிட முக்கியம், மேசைக்குக் குறுக்கே நிற்கும் கேன்ட்ரியின் விறைப்பு. கனமான இரும்புச் சட்டம், வெல்டிங்குக்குப் பிறகு சூடேற்றி இறுக்கம் தளர்த்திய சட்டம், 25 மி.மீ. லீனியர் தண்டவாளம் இவையெல்லாம் புகைப்படத்தில் தெரிவதில்லை. சட்டம் லேசாக இருந்தால் எத்தனை கிலோவாட் இருந்தும் வெட்டு நடுங்கும்.

மோட்டாரில் ஸ்டெப்பர், சர்வோ என்று இரண்டு வழி. ஸ்டெப்பர் மலிவு, ஆனால் நகரச் சொன்ன தூரம் நகர்ந்தோமா என்று அது திரும்பிப் பார்க்காது. மரத்தில் ஒரு முடிச்சில் சிக்கி ஓர் அடி தவறினால் மீதி வேலை முழுக்க அந்த அளவுக்கு நகர்ந்தே போகும். பத்தாவது மணி நேரத்தில் அது நடந்தால் கதவு விறகு. சர்வோவில் நகர்வைச் சரிபார்க்கும் என்கோடர் இருக்கும். பிசகினால் மெஷின் நின்றுவிடும். நீளச் செதுக்குதான் தொழில் என்றால் இந்தக் கூடுதல் பணம் வீணில்லை. வெறும் பிளைவுட் வெட்டுக்கு நல்ல ஸ்டெப்பரே போதும்.

மின்சாரத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டும், ஏனென்றால் மெஷின் விற்பவர் அதைப் பற்றிப் பேசுவதேயில்லை. இந்தப் பகுதிக்கு மின்சாரம் தருவது மைசூரைத் தலைமையிடமாகக் கொண்ட சாமுண்டேஸ்வரி மின் வழங்கல் கழகம். 2.2 கிலோவாட் வரை சிங்கிள் பேஸில் ஒப்பேற்றலாம். அதற்கு மேல் த்ரீ பேஸ் இணைப்பு வேண்டும். தூசு உறிஞ்சிக்கு 2.2 கிலோவாட். பலகையைக் காற்றால் மேசையோடு பிடித்துவைக்கும் வேக்குவம் பம்பு வேண்டுமென்றால் 5.5 அல்லது 7.5 கிலோவாட் கூடும். அனுமதிச் சுமையே இரண்டு மடங்காகும். சின்னப் பட்டறைகள் இதனால்தான் கிளாம்ப், திருகு, இரட்டைப் பக்க டேப் என்றே காலம் தள்ளுகின்றன, அதில் தவறும் இல்லை. எர்த்திங் சரியில்லை என்றால் ஸ்பிண்டிலை ஓட்டும் விஎஃப்டியிலிருந்து வரும் மின்சத்தம் கட்டுப்பாட்டுப் பெட்டியைக் குழப்பி, நடுவேலையில் மெஷினை நிறுத்திவிடும். இப்படித் தானாக நிற்கும் மெஷின்களில் முதலில் பார்க்க வேண்டியது எர்த்திங்தான். கரண்ட் போனால்? கையடக்க டிஎஸ்பி கட்டுப்பாட்டுக் கருவி விட்ட இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். ஆனால் கரண்ட் வந்ததும் மூன்று அச்சையும் மறுபடி மூலப்புள்ளிக்குக் கொண்டுபோய் வைத்துத்தான் தொடர வேண்டும். அதற்கு ஹோம் சுவிட்ச் துல்லியமாக இருக்க வேண்டும். அது இல்லாத மெஷினை மின்வெட்டு உள்ள ஊருக்கு வாங்கக்கூடாது.

இனி கணக்கு. ஆறு லட்சம் ரூபாய்க் கடன், 11 விழுக்காடு வட்டி, ஐந்தாண்டுத் தவணை என்றால் மாதம் சுமார் 13,000. ஆபரேட்டர் சம்பளம் 18,000, வாடகை 6,000 என்று வைத்துக்கொள்வோம். மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் 37,000 ரூபாய் போகும். ஓடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் நான்கு யூனிட் மின்சாரம், பிட் தேய்மானம், பழுது எல்லாம் சேர்த்து 65 ரூபாய். இந்த எண்கள் என் அனுமானம். அவரவர் எண்ணைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். மாதம் 150 மணி நேரம் ஓடினால் ஒரு மணி நேரத்தின் அடக்கவிலை சுமார் 312 ரூபாய். 60 மணி நேரம்தான் ஓடியதென்றால் 682. முதலில் சொன்ன கதவுக்கு 12.75 மணி நேரம். அதன் மெஷின் செலவு மட்டும் முதல் பட்டறையில் நான்காயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு, இரண்டாவதில் 8,700 ரூபாய். மெஷின் அதே, கதவும் அதே.

இப்போது அதே மெஷினில் 18 மி.மீ. பிளைவுட் தாள் ஒன்றைப் போட்டு அலமாரிப் பாகங்கள் வெட்டிப் பார்ப்போம். பாகங்களின் சுற்றளவு மொத்தம் 25 மீட்டர் என்றால், மூன்று அடுக்காக வெட்ட 75 மீட்டர். நிமிடத்துக்கு 5 மீட்டர் வேகத்தில் கால் மணி நேரம். ஏற்றி இறக்கும் நேரத்தையும் சேர்த்து அரை மணி என்று வைத்தாலும், தாளுக்கு அடக்கவிலை 150, 160 ரூபாய்தான். கீல் குழியும் இணைப்புத் துளைகளும் அதே ஓட்டத்திலேயே விழுந்துவிடும். கண்ணைப் பறிக்கும் செதுக்குக் கதவு மெஷினைப் பகல் முழுதும் பிடித்துவைக்கிறது; யாரும் புகைப்படம் எடுக்காத அலமாரிப் பலகை ஒரே பகலில் பதினைந்து தாள் ஓடுகிறது. சிறுநகரப் பட்டறை கதவுக்கு ஆசைப்பட்டு வாங்கி, பலகையில் பிழைப்பதே இயல்பு. தொடக்கத்திலேயே பலகையை மனதில் வைத்து வாங்குபவர் வேக்குவம் மேசை, தானே பிட் மாற்றும் வசதி போன்றவற்றைப் பற்றித் தெளிவாக முடிவெடுக்க முடியும்.

வேலை எங்கிருந்து வரும்? இங்கே ஊரின் இருப்பிடம் கைகொடுக்கிறது. மைசூரின் புதுக் குடியிருப்புகளில் மாடுலர் கிச்சன் வேலை ஒரு பக்கம். பந்திப்பூர் ஓரத்திலும் வயநாட்டிலும் ஊட்டியிலும் இருக்கும் ரிசார்ட்டுகளின் தடுப்பு ஜாலி, கட்டில் தலைப்பலகை, அறை எண், வழிகாட்டிப் பலகை இன்னொரு பக்கம். மூன்றாவது, கடைப் பெயர்ப் பலகை. கர்நாடகத்தில் 2024இல் திருத்தப்பட்ட சட்டப்படி வணிகப் பலகைகளில் 60 விழுக்காடு கன்னடம் இருக்க வேண்டும். அலுமினியம் காம்போசிட் தாள், அக்ரிலிக், ஃபோம் பலகை எல்லாவற்றையும் ரவுட்டர் வெட்டும். கன்னட எழுத்தின் வளைவுகள் அதற்கு வசதியானவையும்கூட, கூர்முனை குறைவு. சாமராஜநகர் வட்டாரத்தின் கருங்கல்லில் செதுக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். செதுக்கலாம். ஆனால் கல்லுக்கு வேறு மெஷின் வேண்டும்: அதிக எடை, தண்ணீர்த் தொட்டி, வைர பிட். மரத்துக்கு வாங்கியதில் கல்லைப் போட்டால் தண்டவாளம் கல்தூளில் அரைபட்டுப் போகும்.

கதவுக்கு வருவோம். ரவுட்டரால் சிற்பி போய்விடுவான் என்ற பயமும், ரவுட்டர் வந்தால் சிற்பியே வேண்டாம் என்ற துணிச்சலும் ஒரே அளவில் தவறானவை. மூன்று அச்சு மெஷின் மேலிருந்து மட்டுமே பார்க்கும். இலையின் அடிப்பக்கம், விரலுக்குப் பின்னால் இருக்கும் இடைவெளி, மாலையின் உட்குழிவு எதற்குள்ளும் அதன் பிட் நுழையாது. அதனால்தான் மெஷின் கதவில் தேவியின் முகம் ஆவியில் வெந்ததுபோல் மழுங்கி இருக்கிறது. இமையும் உதட்டோரமும் உளியால் திறக்கப்பட வேண்டும். தமிழ்நாட்டில் அரும்பாவூர், கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. இந்தக் கைகளின் மதிப்பு அந்த இமையோரத்தில்தான் இருக்கிறது. மெஷின் எண்பது விழுக்காட்டைக் கழித்துத் தள்ளி, சிற்பி மீதியை முடிக்கும் பட்டறையில் இரண்டு பேருக்கும் வேலை உண்டு. ஆனால் அந்த மீதிக்குக் கூலி எப்படிப் பேசுவது என்று இன்னும் யாரும் ஒழுங்காக வகுக்கவில்லை. சதுர அடிக் கணக்கில் பேசினால் சிற்பிக்கு நட்டம்.

இன்னொரு சங்கடம். குண்டலுபேட்டை முதல் நாகர்கோவில் வரை பூஜையறைக் கதவுகளைப் பார்த்துக்கொண்டே போனால் ஒரே கஜலட்சுமி, அதே யானை, அதே தும்பிக்கை வளைவு திரும்பத் திரும்ப வரும். பென் டிரைவில் ஆயிரக்கணக்கில் சில நூறு ரூபாய்க்கு விற்கப்படும் கோப்புத் தொகுப்புகளிலிருந்து வந்தவை அவை. மெஷின் வாங்கிய எல்லோரிடமும் அதே கோப்பு இருக்கும்போது போட்டி விலையில் மட்டும்தான் நடக்கும். சதுர அடிக்குப் பத்து ரூபாய் குறைத்தவரிடம் வேலை போகும். வரையத் தெரிந்த ஒரு பையனோ பெண்ணோ பட்டறையில் இருப்பது இரண்டாவது ஸ்பிண்டிலைவிட மேல் என்பேன். சொந்தமாக வரைந்த ஒரு கொடியை எதிர்க்கடைக்காரர் விலை குறைத்துத் தர முடியாது.

மென்பொருளின் கதையும் இதனோடு ஒட்டியதே. புடைப்புச் செதுக்குக்கு இந்தியப் பட்டறைகளில் பெயர் பெற்றது ஆர்ட்காம். பர்மிங்காமின் டெல்காம் செய்தது. 2014இல் ஆட்டோடெஸ்க் டெல்காமை வாங்கியது, 2018இல் ஆர்ட்காம் விற்பனையை நிறுத்தியது. அதன் வழித்தோன்றலாகக் கார்வ்கோ வந்திருக்கிறது. வெக்ட்ரிக் நிறுவனத்தின் ஆஸ்பயர் இன்னொன்று. ஆனால் மெஷினோடு சேர்த்து ‘இலவசமாக’ ஏற்றித் தரப்படுவது பெரும்பாலும் பழைய ஆர்ட்காமின் திருட்டுப் பிரதிதான். அதை ஏற்றிய கணினியை இணையத்தில் இணைக்கப் பயந்து மூலையில் வைத்துக்கொண்டு ஒரு தொழிலை எத்தனை நாள் நடத்த முடியும்? தட்டை வேலைக்கு இங்க்ஸ்கேப்பில் வரைந்து ஃப்ரீகேடில் வெட்டுப்பாதை போட்டாலே வெகுதூரம் போகலாம்; இரண்டும் இலவசம், சட்டப்படியானவை. கடைசியில் மெஷினுக்குப் போவது என்னவோ எளிய ஜி-கோட் வரிகள்தான். ஜி0 என்றால் வெட்டாமல் வேகமாகப் போ, ஜி1 என்றால் நேர்கோட்டில் வெட்டிக்கொண்டு போ, எம்3 என்றால் ஸ்பிண்டிலைச் சுற்று. இந்தப் பத்துப் பன்னிரண்டு கட்டளைகளைக் கண்ணால் படிக்கத் தெரிந்த ஆபரேட்டர், பிட் மேசைக்குள் இறங்கப்போவதை முன்கூட்டியே பார்த்துவிடுவார்.

புதியவர்கள் பயத்தில் செய்யும் ஒரு காரியம், வேகத்தைக் குறைப்பது. 18,000 சுற்றில், இரண்டு பல் உள்ள பிட், நிமிடத்துக்கு 3,600 மி.மீ. நகர்ந்தால் ஒவ்வொரு பல்லும் 0.1 மி.மீ. சீவலை எடுக்கும். உடைந்துவிடுமோ என்று 1,000க்கு இறக்கினால் பல்லுக்கு 0.03 மி.மீ.கூட வராது. அப்போது பிட் வெட்டாது, தேய்க்கும். மரம் கருகும், பிட் சூடேறி முனை மழுங்கும். சீவல் மாவாக விழுகிறதா, சுருளும் துணுக்குமாக விழுகிறதா என்று பார்த்தாலே போதும். மாவு விழுந்தால் சுற்றைக் குறை அல்லது நடையைக் கூட்டு.

மைசூரின் பெயர் சொல்லும் மரவேலை ஈட்டி மரத்தில் பதிக்கும் இன்லே. ஒரு காலத்தில் யானைத் தந்தம் பதித்தார்கள். 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பின்வந்த திருத்தங்களும் அதை நிறுத்தின. இப்போது பல நிற மரத்துண்டுகளும் பிளாஸ்டிக்கும். மயிரிழை ரம்பத்தால் கையில் அறுத்து எடுக்கும் அந்தத் துண்டுகளின் கூர்முனைதான் இந்தக் கலையின் உயிர். ரவுட்டர் இங்கே இயல்பிலேயே ஊனம். பிட் உருண்டை என்பதால் 3 மி.மீ. பிட் உள்மூலையில் 1.5 மி.மீ. ஆரத்துக்குக் குறைவாக வெட்டவே முடியாது. மயிலின் கொண்டை நுனி மொட்டையாகிவிடும். இதற்கு ஒரு தந்திரம் இருக்கிறது. 60 டிகிரி வி-பிட்டால் குழியையும் ஆப்பையும் சரிவாக வெட்டினால், மூலை நெருங்க நெருங்கப் பிட் மேலெழுந்து கூர்மை கிடைக்கும். இரண்டையும் பசையிட்டு அழுத்தி மேல்பரப்பைச் சீவினால் இடைவெளி தெரியாது. தடித்த வடிவங்களுக்கு இது போதும், நுணுக்கமான காட்சிப் படங்களுக்குப் போதாது. ஈட்டி மரத்தில் நேரடியாகப் பழகுவது வேண்டாத செலவு. நீலகிரி, வயநாடு, குடகுத் தோட்டங்களில் நிழலுக்கு வளரும் சில்வர் ஓக் மலிவாகக் கிடைக்கிறது. அதில் கை தேறிய பிறகு ஈட்டிக்குப் போகலாம். வெளிநாட்டு விற்பனை நினைப்பில் இருந்தால், ஈட்டி 2017இலிருந்து பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் இருப்பதையும் அதற்கான சான்றிதழ் வேலையையும் சேர்த்து எண்ணிக்கொள்ள வேண்டும்.

மரத்தின் ஈரம் பற்றியும் ஒரு வார்த்தை. பருவமழைக்குப் பின் வாங்கிய பச்சைப் பலகையைச் செதுக்கினால், ஒரு பக்கம் மட்டும் கழிக்கப்பட்ட பலகை இரண்டு வாரத்தில் வளையும். உளிக்காரர் மரத்தைத் தொட்டே இதைச் சொல்லிவிடுவார். மெஷின் சொல்லாது. ஈரம் அளக்கும் கருவி இரண்டாயிரம் மூன்றாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது.

தூசு. கடினமரத் தூசைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995லேயே சேர்த்துவிட்டது. எம்டிஎஃப் பலகையின் பசையில் உள்ள ஃபார்மால்டிஹைடும் பின்னர் அதே வகுப்புக்குப் போனது. உளியில் விழும் செதில் வேறு, 18,000 சுற்றில் பறக்கும் மாவு வேறு. கண்ணுக்குத் தெரியாத பகுதிதான் நுரையீரலின் அடிவரை போகிறது. முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு பத்து மணி நேரம் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பையன்களைப் பார்க்கும்போது, வாங்கும் பட்டியலில் தூசு உறிஞ்சியை ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று அடித்துவிட்ட முதலாளி மீது கோபம் வருகிறது. அது கூடுதல் வசதி என்று யார் சொன்னது? ஆளில்லாமல் இரவில் ஓடவிடுவதும் அதே அலட்சியம்தான். மழுங்கிய பிட்டின் சூட்டில் கனன்ற ஒரு துணுக்கு உறிஞ்சிப் பைக்குள் போனால் விடிவதற்குள் பட்டறை இருக்காது.

பணத்துக்கு அரசு வழிகள் உண்டு. அவற்றைச் சரியாகப் படித்துவிட்டுப் போக வேண்டும். 2023 செப்டம்பர் 17இல் தொடங்கிய பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தில் தச்சர் உட்பட 18 தொழில்கள் வருகின்றன. கருவிக்கு 15,000 ரூபாய், 5 விழுக்காடு வட்டியில் முதலில் ஒரு லட்சம், பிறகு இரண்டு லட்சம். 1325 மெஷினுக்கு இது எட்டாது. கைரவுட்டர், தூசு உறிஞ்சி, நல்ல பிட்டுகளுக்குப் போதும். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டமான பிஎம்இஜிபியில் உற்பத்தித் தொழிலுக்குத் திட்டச் செலவு 50 லட்சம் வரை போகலாம். பொதுப் பிரிவினருக்கு நகரத்தில் 15 விழுக்காடு, கிராமத்தில் 25 விழுக்காடு மானியம். பெண்கள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு 25, 35. குண்டலுபேட்டை நகர எல்லையைத் தாண்டி ஒரு கிராமத்தில் பட்டறை போட்டாலே மானியம் பத்து விழுக்காடு கூடுகிறது. அங்கே த்ரீ பேஸ் எத்தனை மணி நேரம் இருக்கும் என்று கேட்காமல் அந்த ஆசையில் இறங்கக்கூடாது. 2012இல் பந்திப்பூரைச் சுற்றி அறிவிக்கப்பட்ட சூழல் உணர்திறன் மண்டலத்துக்குள் தாலுகாவின் கிராமங்கள் பல இருக்கின்றன; மரத் தொழில் என்றதும் வனத்துறை கேள்வி கேட்கும். ரவுட்டர் அறுத்த பலகையில் மட்டும் வேலை செய்வது, சுற்றுமரம் அறுக்கும் மில் அன்று என்றாலும், முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவைப்பது நல்லது. பிஎம்இஜிபியின் முதல் கடன் புதிய தொழிலுக்கு மட்டும்தான் என்பதும், மானியத் தொகை மூன்று ஆண்டு வங்கியிலேயே பூட்டிக் கிடக்கும் என்பதும் பலர் கையெழுத்துப் போட்ட பிறகு தெரிந்துகொள்கிற விஷயங்கள்.

மாதம் நூறு மணி நேர வேலைகூடக் கையில் இல்லாதவர் என்ன செய்யலாம்? வாங்காமல் இருக்கலாம். மைசூரிலோ நஞ்சன்கூட்டிலோ ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்து, ஆறு மாதம் பில்களைச் சேர்த்துவைத்துக் கூட்டிப் பார்த்தால், சொந்த மெஷின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கும் என்று தெரிந்துவிடும். கூட்டாக வாங்குவது இன்னொரு வழி. புனே மாவட்டத்தின் பாபல் கிராமத்தில் விஞ்ஞான் ஆசிரமம் 2002இல் எம்ஐடியோடு சேர்ந்து, அமெரிக்காவுக்கு வெளியே முதல் ஃபேப் லேப் ஒன்றைத் தொடங்கியது. கிராமத்து இளைஞர்கள் கணினியால் இயங்கும் கருவிகளைத் தொட்டுப் பழகும் பொதுப் பட்டறை அது. அதைப் போன்ற ஒன்று சாமராஜநகர் வட்டாரத்தில் இருந்தால் நான்கு தச்சர்கள் ஆளுக்கொரு கடன் வாங்க வேண்டியிருக்காது. தனியார் கூட்டில் சிக்கல் வேறு: அவசர வேலை எல்லோருக்கும் ஒரே வாரத்தில்தான் வரும், கிரகப்பிரவேச முகூர்த்தங்கள் எல்லோருக்கும் ஒன்றுதானே. யாருக்கு எந்த நாள் என்பதைப் பணம் போடும் முன்பே எழுதிக்கொள்ளாத கூட்டு முதல் முகூர்த்த மாதத்திலேயே முறியும்.

வாங்குவது என்று முடிவான பிறகு, விற்பவரின் இடத்துக்குச் சொந்தப் பலகையோடு போக வேண்டும். அவர்கள் மென்மையான எம்டிஎஃப்பில் ஓட்டிக் காட்டுவார்கள். நாம் வெட்டப்போவது தேக்கு என்றால் தேக்கில் ஓட்டச் சொல்ல வேண்டும். 300 மி.மீ. வட்டம் ஒன்றை வெட்டி இரண்டு திசையிலும் காலிப்பரால் அளந்தால், அச்சுகளில் தளர்ச்சி இருந்தால் வட்டம் முட்டையாகிக் காட்டிக்கொடுக்கும். ஒரு மணி நேரம் செதுக்கவிட்டு மூலப்புள்ளிக்குத் திரும்பச் சொல்லி, தொடக்கத்தில் குத்திய புள்ளியிலேயே முனை நிற்கிறதா என்று பார்க்கலாம். கடைசியாக மூலைமட்டம்: 900க்கு 1200 மி.மீ. செவ்வகம் ஒன்றைக் கோடு போடச் சொல்லி இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். மூன்று, நான்கு, ஐந்து என்று எந்த ஆசாரியும் அறிந்த கணக்குதான். இரண்டும் 1500 இருக்க வேண்டும். ஒன்றுக்கொன்று அரை மி.மீ.க்கு மேல் வித்தியாசம் என்றால் கேன்ட்ரி கோணலாக நிற்கிறது. லாரியில் ஏறி மலைப்பாதையில் குலுங்கி வந்து பட்டறையில் இறங்கிய பிறகு இந்தச் சோதனைகளை மறுபடி செய்ய வேண்டும், கடைசித் தவணைப் பணம் அதுவரை நம் கையிலேயே இருக்கும் என்று ஆர்டர் படிவத்தில் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.